உன் காரின் சிவப்பு

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் பல்வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இனி எழுதுவதைத் திட்டாமல் படி.

சின்ன வயதில் உன் தம்பியைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்த ரிமோட் காரைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினாயே, அது ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்டாரும் பேட்டரியும் புதுசு. அந்தக் காலத்து உருண்டை பாடி மட்டும் உன்னுடையதேதான்.

நேற்று பட்டறைக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். ரிமோட், என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் கையில். கார் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. “விடுங்கண்ணே, விடுங்க!” என்று கத்தினேன். விசையை விடச் சொன்னால், மனுஷன் இன்னும் அழுத்துகிறார்!

“வண்டியத்தான விடச் சொன்ன? விட்டேன்” என்று என்னையே முறைக்கிறார். இவரை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய?

பதறாதே. முன்பக்கம் லேசான விரிசல்தான், ஒட்டிவிட்டேன். ஒட்டியதோடு சும்மா இருந்தேனா? வழவழப்பாக்குகிறேன் என்று பழைய பெயிண்டை மொத்தமாகத் தேய்த்துத் தொலைத்தேன். கடைக்காரர் இருபது சிவப்பு காட்டுகிறார், ஒன்றும் உன் சிவப்பு இல்லை. “என் காரு கலரு” என்று சொல்லி ஒரு சேலை எடுத்தாயே, அதை அனுப்பு. கலர் பார்க்கத்தான்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். முடிக்கிறேன்.

உன்னவன்

பி.கு.: சேலையை ஒருநாள் கட்டிவிட்டு அப்படியே மடித்து அனுப்பு. துவைத்துவிடாதே. சாயம் போய்விடும்.