வெடித்தால் நல்ல செய்தி

நவம்பர் 3, திங்கள்

மழை. பேப்பர் நனைந்து வந்தது. போடுகிறவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து உறையில் சுற்றிப் போடச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை.

மதியம் மருமகன் தாஹா வளைகுடாவிலிருந்து பேசினார். எப்போதும் என் மகள் ஜுவைரியாவிடம்தான் பேசுவார். இன்று "மாமிகிட்ட குடு" என்றாராம். அப்போதே தெரிந்துவிட்டது, எதையோ செய்து முடித்துவிட்டுச் சொல்லப்போகிறார் என்று. அப்படித்தான் ஆனது. சண்டை நின்றுவிட்டது, ஆனால் சண்டைக்காரர்கள் கடலில் போட்ட கண்ணிவெடிகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றை அகற்றும் வேலையை அவருடைய கம்பெனி எடுத்திருக்கிறது. இதுவரை துறைமுகத்தில் முக்குளித்து, கப்பல்களின் அடிப்பாகத்தைப் பார்க்கிற வேலை. இனி இது. கையெழுத்தும் போட்டாயிற்று.

"தண்ணிக்குள்ள நான் எறங்க மாட்டேன் மாமி. கப்பல்ல உக்காந்துக்கிட்டு ரோபோவ எறக்கித் தேடுறதுதான்."

"போட்ட பிறகு சொல்றதுக்கு எதுக்குப் போன்?"

"கோவப்படுவீகன்னு தெரியும். அதான் மொதல்ல உங்ககிட்ட சொன்னேன்."

எங்கள் ஊர் வழக்கப்படி விடுப்பில் வந்தால் அவர் இருப்பது என் வீட்டில்தான். கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் என்னிடம் சொல்லாமல் ராமநாதபுரம்கூடப் போனதில்லை. அதனால்தான் கோபம் வந்தது என்று எழுதி வைக்கிறேன். பயத்தினால் அல்ல.

ஜுவைரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

போன் இல்லை. கப்பல் வெடி கிடக்கிற பகுதிக்குள் போனால் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். துறைமுகத்துக்குத் திரும்பினால்தான் பேச்சு.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் என் கொழுந்தன் ஹாஜா முகைதீன் வந்தார். செய்திச் சேனல் பார்ப்பதையே ஒரு தொழிலாக வைத்திருப்பவர். செருப்பைக்கூடக் கழற்றாமல், "மச்சி, டிவியப் போடுங்க" என்றார். போட்டேன். வளைகுடாவில் கண்ணிவெடி அகற்றும் இடத்தில் பெரும் வெடிப்பு. தண்ணீர் ஒரு பனை உயரத்துக்கு எழுந்து விழுகிறது. அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வேறு விவரம் எதுவும் சொல்லவில்லை. ஜுவைரியா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரை மணிக்குள் தெருப் பெண்கள், மவுத்தானவர்களுக்கு ஓதுகிற யாசீன் கிதாபுகளோடு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஹாஜா முகைதீன் வருகிற வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கூடத்தில் பாய் விரித்து ஓத ஆரம்பித்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஏன் திறந்தேன்? கழுவ ஒன்றும் இல்லை. வேலைக்கு வரும் ராக்குதான் வந்து மூடினாள்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது.

"மாமி, நல்லா இருக்கீகளா? என்ன ஒரே சத்தமா இருக்கு, வீட்ல விசேஷமா?"

ஜுவைரியா போனைப் பிடுங்கினாள். திரும்ப என் கைக்கு வர வெகு நேரம் ஆயிற்று.

"இப்பத்தான் துறைமுகத்துக்கு வந்தோம். அது நாங்க வெடிக்க வச்சது மாமி. கண்டுபிடிச்சு, பக்கத்துல மருந்து வச்சு, தூரத்துக்கு வந்து வெடிக்க வைக்கிறது. வெடிச்சா நல்ல சேதி. வெடிக்காமக் கெடக்குறதுதான் கெட்டது."

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். ஓதுவது நின்றது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "ஓதுனத வீணாக்க வேணாம். அவர் ஆயுசுக்குன்னு துஆ கேட்டு முடிச்சிருங்க" என்றேன். முடித்தார்கள். எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பினேன். ஹாஜா முகைதீன் இரண்டு டீ குடித்தார்.

"அடுத்த தடவ செருப்பக் கழத்திட்டு வாங்க. சேதி ஓடிப்போயிராது" என்றேன்.

"நீங்க திருந்தவே மாட்டீக மச்சி" என்று சிரித்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

நவம்பர் 19, புதன்

வீடே மாறிவிட்டது. டிவியில் தண்ணீர் எழும்பினால் ஜுவைரியா கை தட்டுகிறாள். ராக்கு வாசலிலேயே, "இன்னைக்கு வெடி உண்டாம்மா?" என்கிறாள். தீபாவளிக்குக்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

தாஹாவிடம் விவரமாகக் கேட்டேன். அரைகுறையாகத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது. சங்கிலியில் கட்டி மிதக்க விட்டவை ஒரு வகை. அவற்றை அறுத்துவிட்டால் மேலே வந்துவிடும். இன்னொரு வகை சேற்றில் கிடக்கும். மேலே போகிற கப்பலின் இரும்பையும் சத்தத்தையும் உணர்ந்து வெடிக்கும். அதில் ஒரு மோசமான ரகம் உண்டு. அது எண்ணும். முதலில் போகிற கப்பல்களை விட்டுவிட்டு, வைத்தவன் சொன்ன எண்ணிக்கை வந்ததும் வெடிக்கும். அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இதை யோசித்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

டிசம்பர் 2, செவ்வாய்

பாதை சுத்தமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுத வேண்டிய நாள். எழுத முடியவில்லை.

சரக்குக் கப்பல்களை விடுவதற்கு முன்னால், ஒரு பழைய கப்பல் அந்தப் பாதை முழுவதும் போய்த் திரும்ப வேண்டுமாம். அது முழுசாகத் திரும்பினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். போக விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கலாம், கட்டாயமில்லை என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. தாஹா பேர் கொடுத்துவிட்டார்.

ஜுவைரியா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அங்கே உட்கார்ந்ததில்லை.

"உம்மா, நீங்க சொன்னா கேப்பாக. நான் சொன்னா சிரிக்கிறாக. வேணாம்னு சொல்லுங்க."

"பேசுறேன்" என்றேன்.

உண்மைதான். நான் வேண்டாம் என்றால் அவர் போகமாட்டார்.

டிசம்பர் 3, புதன்

ஜுவைரியா குளிக்கப் போன நேரத்தில் நானே கூப்பிட்டேன்.

முதலில் அந்த எண்ணுகிற ரகத்தைப் பற்றிக் கேட்டேன். அதில் அதிகபட்சம் எந்த எண்ணிக்கை வைக்க முடியுமோ, அதைவிட அதிகத் தடவை போய் வந்துவிட்டோம் என்றார். யார் எண்ணியது என்றேன். இரண்டு கப்பல்காரர்கள் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டார்களாம். போகும்போது எப்படி இருப்பீர்கள்? இயந்திர அறையில் ஆள் இருக்காது, எல்லாரும் மேல்தளத்தில், மிதவைச் சட்டை போட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்க வேண்டும் என்றார்.

"முழங்கால எதுக்கு மடக்கணும்?"

"அடியிலருந்து அடிச்சா, நேரா நிக்கிறவுக கால் எலும்பு போயிரும் மாமி."

இதை என்னிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"ஏன் நீங்க? வேற ஆள் இல்லயா?"

"பன்னெண்டு ஆளு பேரு குடுத்திருக்காக. மாமி, ரோபோ படத்தப் பாத்து, இங்கன ஒண்ணுமில்லன்னு சொன்னதுல பாதி நான் சொன்னது. நான் கரையில நின்னுக்கிட்டு இன்னொருத்தன ஏத்தி விட்டா, நான் சொன்னத நானே நம்பலன்னுதான அர்த்தம்? ஆனா நீங்க வேணாம்னா இப்பவே பேர எடுத்துருவேன். சத்தியமா."

என்னிடம் ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் மகள் சிரிப்பாள், நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவர் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுவார்.

"போயிட்டு வாங்க மாப்புள" என்றேன்.

ஜுவைரியா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "பேசுனீங்களா உம்மா?" "பேசிட்டேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நான் திருத்தவில்லை. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் படித்த கான்வென்டில் இந்தப் பதிலை எந்த சிஸ்டரும் ஏற்றிருக்க மாட்டார்.

டிசம்பர் 5, வெள்ளி

இன்றைக்குத்தான் போகிறார்கள். அவளுக்குத் தெரியாது. மீன் வாங்கலாமா, கறி வாங்கலாமா என்று கேட்கிறாள்.

என்ன வேணும்னாலும் வாங்கு. என்னத்த வேணும்னாலும்.

நான் யாரு அவர அனுப்புறதுக்கு? எம் பிள்ளையா? எவளோ பெத்த பிள்ளை. பெத்தவக மையத்தாயிட்டாக, கேள்வி கேக்க ஆளில்லன்னு துணிஞ்சிட்டேனா? எம் மக தலையெழுத்த நான் ஏன் கையில எடுத்தேன்? யா அல்லாஹ். வேணாம்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் போகிறார்கள். இன்னும் போன் இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் போன் வந்தது.

"மாமி. வந்துட்டோம்."

சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். "இனிமேதான்" என்றார். "மடக்கி மடக்கி முழங்கால்தான் வலிக்குது" என்றார். சிரித்தேன். சத்தம் கேட்டு ராக்கு எட்டிப் பார்த்தாள்.

மொட்டை மாடிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. உடம்பு இவ்வளவு லேசாக இருந்து வெகு காலமாகிறது.

டிசம்பர் 6, சனி

மறைத்தது ஒரு நாள்கூட நிற்கவில்லை. கப்பல் மேல்தளத்தில் எல்லாரும் நிற்கிற படத்தைக் கம்பெனி வெளியிட்டிருக்கிறது. நடுவில் தாஹா, பல்லெல்லாம் தெரிய.

"பேசிட்டேன்னு சொன்னீங்கள்ல உம்மா?"

"பேசினேன்."

"என்ன பேசுனீங்க?"

சொன்னேன், முழுவதும். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் மாப்புளைய நீங்க அனுப்பியிருக்கீங்க. எனக்குத் தெரியக்கூட இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். பேச்சு இல்லை. இதைத் தாங்கிக்கொள்ளலாம். அவர் உயிரோடு இருக்கிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

தாஹா நேற்று வந்து சேர்ந்தார். மெலிந்திருக்கிறார். ஹாஜா முகைதீன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, டிவியில் தான் பார்த்ததையெல்லாம், அங்கேயே இருந்துவிட்டு வந்தவருக்கு விளக்கிச் சொன்னார். மருமகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் என்னைப் பார்த்து, "மாமி, பிப்ரவரியில வடக்குப் பக்கமும் எடுக்கணுமாம். என்னையும் கேக்காக. நீங்க என்ன சொல்றீக?" என்றார்.

"எங்கிட்ட கேக்காதீங்க மாப்புள" என்றேன். "அவகிட்ட கேளுங்க."

ஜுவைரியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் அதுவே முடிவு; நான் வாயைத் திறக்கக் கூடாது.

"கப்பல்ல எதாச்சும் ஒண்ணுன்னா கம்பெனிக்காரன் யாருக்குப் போன் பண்ணுவான்?" என்று கேட்டாள்.

எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"மாமி நம்பரத்தான் குடுத்திருக்கேன். நீ பயந்துருவன்னு..."

"மாத்துங்க. மொதல்ல அத மாத்துங்க. பிப்ரவரியப் பத்தி அப்புறம் பேசலாம்."

கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினார். எண்ணைச் சரியாக அடித்திருக்கிறாரா என்று அவள் ஒவ்வொரு இலக்கமாக வாசித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மா, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வைக்கவா?" என்றாள்.

வைக்கச் சொன்னேன்.

நவம்பரிலிருந்து என் போனை முழுச் சத்தத்தில், கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தேன். குளிக்கும்போதுகூட ராக்கு அதை வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். இன்று சாப்பிட்டதும் அதை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். அந்தியில் மக்ரிப் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தேன்.