கீழ்க்காட்டுக்கு ஒரு மிஷின்

1978 மே 21, ஞாயிறு

காலையில் ரேஷன் கடை வரிசையில் பாதி நாள் போயிற்று. மீதியை ராக்கப்பன் வாங்கிக்கொண்டான். கொழுந்தன் கூப்பிட்டனுப்பினால் போகாமல் இருக்க முடியுமா?

விஷயம் பொட்டிப்புரத்து மலையடிக் காடு. என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து உழவில்லை. உடைமுள்ளும் வேலிக்கருவையும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கிறது, ஆடுகூட உள்ளே நுழையாது. வெட்ட வருகிற ஆள் முள்ளைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதில்லை. மிஷின் பிடிக்கலாம் என்றான். நல்லது, எந்த மிஷின் என்று கேட்டேன். தேனியில் ஒரு காண்ட்ராக்டரிடம் புல்டோசர் சொல்லியாயிற்றாம்.

சொல்லியாயிற்று. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான காடு அது. அண்ணன் பாதி இன்றைக்கு என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் நாக்கு தேய்ந்துவிடுமா?

அதற்கு மேல் இது: "இந்த மழைக்கும் வெதைக்காமக் கெடந்துச்சுன்னா ஒங்க பாதியவும் நானே பாத்துக்கிடுறேன் மதினி. ஊர்ப் பெரியவுகளும் அதத்தான் சொன்னாக."

பார்த்துக்கொள்கிறானாம். அவன் கைக்குப் போன எது திரும்பி வந்திருக்கிறது?

மே 24

இன்னும் எரிகிறது.

மே 30

இரண்டு மிஷினையும் நானே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். முதலில் சின்னமனூர் பக்கம் புல்டோசர் ஓடுகிற இடம். பெண்பிள்ளை வந்து நிற்கிறாளே என்று டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அசாத்திய பலம். மரத்தை வேரோடு சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது, பின்னால் தரை பளிச்சென்று கிடக்கிறது. எனக்கே ஆசை வந்துவிட்டது. பிறகு அது தள்ளிக் குவித்ததைப் போய்க் கிளறினேன். முள்ளோடு சேர்ந்து கறுப்பு மேல்மண் அத்தனையும் குவியலுக்குள் இருந்தது. காட்டில் மிச்சம் இருந்தது செஞ்சரளை. எங்கள் காட்டில் மேல்மண் ஒரு சாண்கூடத் தேறாது. அதையும் வழித்துத் தள்ளிவிட்டு எதில் விதைப்பது?

அங்கிருந்து பஸ் ஏறிக் கூடலூர். ஜெபமணி என்று ஒருவர், போடி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம், டிராக்டர் வாடகைக்கு விடுகிறார். அவர் டிராக்டருக்குப் பின்னால் கவிழ்த்த இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் தடித்த சங்கிலிகள் சுழல்கின்றன. புதர்மேல் ஓட்டிக்கொண்டு போனால் அடித்து நொறுக்கிச் சக்கையாக்கி அங்கேயே பரப்பிவிடுகிறது. குமுளி எஸ்டேட்காரர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். சக்கையை விலக்கிப் பார்த்தேன். மண் இருந்த இடத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது இதுதான்.

ஜெபமணி எதையும் மறைக்கவில்லை. "கையத்தண்டிக்கு மேல உள்ள மரத்த ஆள விட்டு வெட்டிரணும்மா. வேரு உள்ளதான் கெடக்கும், மறுபடி தளுக்கும். நீங்கதான் பின்னாடியே திரிஞ்சு தோண்டணும்."

திரிகிறேன். வேறென்ன வேலை எனக்கு.

ஜூன் 1

பார்த்ததைச் சொன்னேன். ராக்கப்பன் சிரித்தான். மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த ஆம்பளைகளைப் பார்த்துச் சொன்னான்: "வேரு கெடந்தா அது வெள்ளாமக் காடா, வெறகுக் காடா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட சின்னமனூர் போய் அந்தக் குவியலைக் கிளறினவர் இல்லை. நான் எட்டாவது முடித்தவள், அவன் ஐந்தாவதில் நின்றவன். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும், சாமியிடம் கேட்டுவிடலாம் என்றான். சரி என்றேன். கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் புல்டோசர், சிவப்பு அரளி வந்தால் சங்கிலி மிஷின். தனித்தனி இலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

மடித்தது சரியில்லை என்றான். மறுபடி மடித்தார்கள். மறுபடியும் சிவப்பு. தீட்டுள்ளவர்கள் யாரோ உள்ளே நிற்கிறார்கள் என்று சொல்லி என் பக்கம் பார்த்தான். அத்தனை பேர் நடுவில். வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். மூன்றாவது தடவை வெள்ளை. உடனே தேங்காய் உடைத்தாயிற்று.

நினைத்த பதில் வரும்வரை கேட்பது என்றால் சாமி எதற்கு? பூசாரிக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். திருநீறு கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 17

சோறு இறங்கவில்லை. ராக்கப்பன் பெஞ்சாதி பவுனு குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளும் அங்கேதான் நின்றாள். அவளாவது ஒரு வார்த்தை — எப்படிச் சொல்லுவாள்.

குழம்பைத் தொடவில்லை.

ஜூன் 25

பாகத்தைப் பிரித்துவிடுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன். அவன் பாதியில் அவன் சாமி சொன்ன மிஷின், என் பாதியில் நான் சொன்ன மிஷின். தாலியறுத்தவள் பாகம் கேட்கிறாளா என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆமாம், கேட்கிறேன். தாலிதான் போயிற்று, வாய் இருக்கிறது.

ஜூலை 2

குறுக்கே கயிறு பிடித்துக் காட்டை மேலும் கீழுமாகப் பிரித்தார்கள். இளையவன் முதலில் எடுப்பது இங்கே வழக்கம். அவன் மேல்காட்டை எடுத்துக்கொண்டான். எடுக்காமல் இருப்பானா? வண்டிப்பாதை அந்தப் பக்கம், முள்ளும் குறைவு. எனக்கு ஓடையோரத்துக் கீழ்க்காடு, கருவை அடர்ந்து இருட்டிக் கிடக்கிறது.

பெரியவர்கள் மறுபடி சொன்னார்கள்: மழைக்குள் விதை விழாவிட்டால் கீழ்க்காடும் ராக்கப்பன் பொறுப்பு. எல்லார் முன்னாலும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தனியாக அழுதேன். ஆத்திரம்தான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 20

புல்டோசர் வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டே நாளில் மேல்காடு மொட்டை. முள்ளையும் மண்ணையும் என் எல்லையை ஒட்டி நீளத்துக்குக் குவித்துவிட்டான்.

அந்த மண்ணைச் சலித்துக் காட்டில் திரும்பப் போடுங்கள் தம்பி, மழை வந்தால் நிற்காது என்று நானே போய்ச் சொன்னேன். பாகம் பிரித்த பிறகு சொல்ல வேண்டியதில்லைதான். மனசு கேட்கவில்லை.

"ஒங்க காட்டப் பாருங்க மதினி."

சரி.

ஆகஸ்ட் 19

பெரிய மரங்களை ஆள் விட்டு வெட்டி முடித்தேன். இன்று ஜெபமணி டிராக்டரோடு வந்தார். புதிதாக நிரவிய தரை அமுங்கிவிடும் என்று மேல்காடு வழியாக விடமாட்டேன் என்றான் ராக்கப்பன். அத்தனை பெரிய புல்டோசர் உருண்ட தரை! டிராக்டருக்கு அமுங்கிவிடுமாம்.

ஜெபமணி சண்டை பிடிக்கவில்லை. ஓடை காய்ந்துதான் கிடந்தது. கீழே சுற்றி, மணல் வழியாகவே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு தடவை டயர் புதைந்தது. நானும் கல் சுமந்து போட்டேன்.

ஆகஸ்ட் 22

முடிந்தது. கல் பட்டுச் சங்கிலி அறுந்து அரைநாள் நின்றது, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. காடு முழுக்கக் கணுக்கால் அளவுக்குச் சக்கை. மேல்காட்டைப் போலப் பார்க்க அழகாக இல்லை. வருகிற போகிறவர்களெல்லாம், "என்ன அன்னத்தாயி, காட்டுல குப்பையக் கொட்டி வச்சிருக்க?" என்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோயிற்று.

செப்டம்பர் 14

தளுத்துவிட்டது. போன இடமெல்லாம் கருவைக் குருத்து. கடப்பாரையும் மண்வெட்டியுமாக விடிந்ததிலிருந்து தோண்டுகிறேன். முள் ஏறிக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. இன்று ஜெபமணியைத் திட்டினேன், மிஷினைத் திட்டினேன், செத்துப்போன மனுஷனையும் விடவில்லை. சொல்லாமல் செய்தவர் இல்லை ஜெபமணி. தெரிந்துதான் பிடித்தேன். இருந்தாலும் வலிக்கும்போது யாரையாவது திட்ட வேண்டியிருக்கிறது.

மேல்காட்டில் ராக்கப்பன் ஏர் பூட்டிச் சோளம் விதைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் பாட்டுப் பாடுகிறான்.

அக்டோபர் 8

என் காட்டில் ஏர் ஓடாது, வேர் தடுக்கும். சக்கையை விலக்கிக் குழி குத்தி மொச்சையும் துவரையும் ஊன்றி முடித்தேன். பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டினேன். ஒருவர் குனிந்து விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருக்கிறதே என்றார். இனிக் கீழ்க்காட்டை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

அக்டோபர் 27

மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 6

பத்து நாளாக விடாத அடி. குடை பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். எல்லையில் இருந்த குவியல் கரைந்து, மேல்காட்டுக் கறுப்பு மண் முழுவதும் என் காட்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஓடைக்குப் போயிருக்கும், சக்கை பிடித்து நிறுத்திவிட்டது. மேலே சரளை பல்லைக் காட்டுகிறது, சோளம் வேர் தெரியச் சாய்ந்து கிடக்கிறது.

சந்தோஷப்பட்டேன். ஆமாம், பட்டேன். கொஞ்ச நேரம்தான். குனிந்து பார்த்தால் மேல் வரிசை மொச்சை எல்லாம் அந்த மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. சொன்னேனா இல்லையா? சலித்துப் போடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேனே. அவன் வீம்புக்கு என் செடியும் சாக வேண்டுமா?

நவம்பர் 19

பவுனுவை அனுப்பியிருக்கிறான். மண்ணைத் திரும்ப அள்ளிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவளிடம் எனக்கு என்ன கோபம்? "கேக்க வேண்டிய ஆளு வரட்டும்" என்றேன். அவள், "நானும் அதத்தான் சொன்னேன்க்கா" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே பெரிது. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 25

வரவில்லை. கொடுக்கவே கூடாது என்று ஒரு பொழுது. என் காட்டில் விழுந்த மண் என் மண். மறுபொழுது அந்த மொச்சை கண்ணில் நிற்கிறது. எப்படியும் அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளி எங்கே கொட்டுவது, ஓடையிலா?

டிசம்பர் 3

வந்தான். வரப்பில் நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். கடைசியில் கேட்டான். செடிமேல் கிடக்கும் மண்ணை மட்டும் அள்ளலாம், வண்டி என் காட்டுக்குள் இறங்கக் கூடாது, கூடையில் சுமந்துதான் மேலே போக வேண்டும் என்றேன். சரி மதினி என்றான். இவ்வளவு சுளுவாக அவன் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

டிசம்பர் 10

ஒரு வாரமாக அள்ளுகிறோம். நானும் பவுனுவும் செடியை விட்டுவிட்டு மண்ணை மட்டும் வழித்துக் கூடையில் போடுகிறோம், அவன் சுமக்கிறான். புதைந்த மொச்சையில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. தப்பியதைப் பார்க்கப் பார்க்க, போனதை நினைத்து எரிகிறது. அவனோடு நான் பேசுவதில்லை.

இன்று கூடை நிறைந்ததும் நானே தூக்கித் தலையில் வைக்கப் போனேன். ராக்கப்பன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான்.

"நீங்க எதுக்கு மதினி தூக்குறீக? இங்கன நின்னு சொன்னாப் போதும்."

சொன்னால் போதுமாம். வைகாசியிலிருந்து நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?