வால் நட்சத்திரத்துக்கு ஒரு ரோல்

7.4.86, திங்கள்

கண்ணால் பார்த்தால் போதாதா, படம் எதற்கு? காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கேட்டார். கேலியாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன்.

புழுக்கம். பத்து மணிக்கே மின்சாரம் போய்விட்டது.

புதன்கிழமை ஏலகிரிக்கு வேன் போகிறது, வால் நட்சத்திரத்தைப் படம் எடுக்க. துறைத் தலைவர் (இனிமேல் து.த., முழுதாக எழுத அலுப்பு), ஆண் விரிவுரையாளர்கள் நாலு பேர், எம்.எஸ்ஸி. பையன்கள் பத்துப் பேர். பட்டியலில் நான் இல்லை. இருபத்துமூன்று வருஷமாக இந்தத் துறையில் ஒளியியல் நடத்துபவள் நான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அங்க பாத்ரூம் வசதியே கிடையாது. லேடீஸுக்குக் கஷ்டம்."

"பரவாயில்லை சார். நான் இங்கேயே எடுத்துக்கிறேன்."

"இங்கயா? தாம்பரத்துலயா?" மற்றவர்களைப் பார்த்தார். "ட்ரை பண்ணுங்க, ட்ரை பண்ணுங்க. படம் வந்தா எக்ஸிபிஷன்ல நடு இடம் உங்களுக்குத்தான்."

சிரிப்பு. யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை.

கண்காட்சி 17ஆம் தேதி, பள்ளிப் பிள்ளைகளுக்காக. வால் நட்சத்திரம் அடுத்து வருவது எழுபத்தாறு வருஷம் கழித்து. எனக்கு அப்போது நூற்று இருபத்துநாலு.

8.4.86, செவ்வாய்

கேமரா வந்துவிட்டது. மறைமலை நகரில் இவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு நண்பர், உடைந்த உதிரி பாகங்களைப் படம் எடுப்பவர், ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்டாண்டும் அவருடையதே.

கொண்டுபோக வேண்டியவை: கேமரா. ஸ்டாண்டு. டார்ச் (சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி). கைக்கடிகாரம். பிளாஸ்க். பழைய போர்வை. ஓடோமாஸ்.

ஃபிலிம் பர்மா பஜாரில் வாங்கியது, கறுப்பு வெள்ளை, 400 வேகம் (மங்கல் வெளிச்சத்துக்கு). ஒன்றே ஒன்று. விலையை இவரிடம் சொல்லவில்லை.

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கை பழகினேன். ஷட்டரைத் திறந்து இருபது எண்ணி மூடுவது. எண்ணிக்கை வேகமாகப் போகிறது. கடிகாரத்தை நம்புவதே நல்லது.

10.4.86, வியாழன்

தூக்கமில்லை. இருந்தும் எழுதிவிட வேண்டும்.

நேற்றிரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம், ஸ்டாண்டு என் மடியில். முடிச்சூரில் நாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனை: நாலு கல், நடுவில் நெருஞ்சி. வீடு கட்டுவோமோ என்னவோ, விளக்குக் கம்பம் இல்லாத இடம் அது ஒன்றுதான். கிழக்கே விமானப்படைத் தளத்தின் வெளிச்சம். தெற்கே நல்ல இருட்டு. அமாவாசை.

வானம் தெளிவு. மேகம் ஒரு துளி இல்லை.

இவர் போர்வையை விரித்துப் படுத்தார். "நீ மேல பாரு. நான் கீழ பாம்பு வருதான்னு பார்க்கறேன்." ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

மூன்றாவது படம் எடுக்கும்போது பக்கத்து வயல்காரர் வந்துவிட்டார். முனுசாமி. கையில் தடி, முகத்துக்கு நேராக டார்ச்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறீங்க? கல்லு நவுத்துறீங்களா?"

இவர் பதறி எழுந்தார். "இது எங்க மனைதாங்க."

"மனைன்னா பகல்ல வந்து பாரு சார். மூணு கால நட்டுகினு ராத்திரில இன்னாத்த அளக்குறீங்க? போன மாசம் அப்பிடித்தான் ஒருத்தன் வந்தான், என் வரப்பு ரெண்டடி உள்ள போயிடுச்சு."

டார்ச்சை அணைக்கச் சொல்லி வானத்தைக் காட்டினேன்.

"எங்க கீது?"

"கீழ பளிச்சுன்னு ரெண்டு நட்சத்திரம் தெரியுதா? அதுக்கு இடது பக்கம், கொஞ்சம் மேல. நேரா பார்க்காதீங்க, ஓரக்கண்ணால பாருங்க."

தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, பஞ்சு மாதிரி கீது. இதுக்கா ரெண்டு பேரும் தூக்கத்த வுட்டுட்டு வந்தீங்க?" பிறகு, "நேத்து தண்ணி கட்ட வந்தப்பகூட பாத்தேன். எவனோ எங்கியோ குப்ப கொளுத்துறான், பொகன்னு நெனச்சேன்."

போகவில்லை. எங்கள் எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அது எங்கிருந்து வருகிறது, ஏன் திரும்பிப் போகிறது, வால் ஏன் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்கிறது, எல்லாம் கேட்டார். சொன்னேன். "அப்போ போவசொல்ல வாலு முன்னாடி கீதா? பேஜார் புடிச்ச வண்டி" என்றார். வகுப்பில் இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

படம் 1 முதல் 4 வரை: 15 விநாடி. 5–9: 20. 10, 11: 30 (பூமி சுழல்வதில் நட்சத்திரங்கள் கோடாக இழுத்திருக்கும், போகட்டும்). மொத்தம் பதினொன்று. மீதி ஃபிலிமையும் எடுத்து முடிக்க நினைத்திருந்தேன். இரண்டரைக்குப் பனி லென்ஸில் படியத் தொடங்கியதும் நிறுத்தினேன்.

திரும்பும்போது இவர்: "இருபது வருஷத்துல நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல."

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே நம்பமாட்டேன்.

11.4.86, வெள்ளி

வேன் கோஷ்டி திரும்பிவிட்டது. ஏலகிரியில் ராத்திரி முழுக்க மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒரு பையன் வளைவுகளில் வாந்தி எடுத்ததுதான் ஒரே நிகழ்ச்சி. து.த.வுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

"நீங்க எதாவது பார்த்தீங்களா மேடம்?"

"படம் வந்ததும் சொல்றேன் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று ஆசை. அற்ப ஆசை. தெரிந்தேதான்.

துறையின் இருட்டறைச் சாவி அவரிடம். கேட்டால் ரோலைக் காட்ட வேண்டும். அதனால் மாலையில் ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். கறுப்பு வெள்ளையை அங்கேயே கழுவுகிறார்கள். உரிமையாளர் பாஸ்கர், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பட்டை, ஓயாத பேச்சு. கவுண்டரில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட் படத்துக்கு நின்றிருந்தார்கள்.

"கல்யாணமா மேடம்?"

"இல்லை."

"பின்ன, சீமந்தமா?"

தெருப் பெண்கள் திரும்பினார்கள். ராத்திரி ஒரு மணிக்கு முடிச்சூர் வயலில் நின்றேன் என்பதில் தொடங்க வேண்டும். பிறகு ஏன், எதற்கு, கூட யார்.

"ஆமாம்."

"பொண்ணுக்கா?"

"ஆமாம்."

எனக்குப் பெண் இல்லை. பிள்ளையும் இல்லை. இரண்டு "ஆமாம்" போட்டால் வெளியே வந்துவிடலாம் என்று பட்டது, வந்தேன். உறையின் மேல் பெரிதாக "சீமந்தம்" என்று எழுதிக்கொண்டார். நாளைக்கே கழுவிவிடுவாராம். ஆனால் திங்கள் வருஷப் பிறப்பு, கடை லீவு. பிரிண்ட் செவ்வாய்.

வழியில் வாங்கியது: கொத்தமல்லி, தீப்பெட்டி.

14.4.86, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் அதிகம். வேப்பம்பூ கிடைக்கவில்லை, இவர் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தார்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது மேற்கே பிறை. நாளுக்கு நாள் வளரும். வால் நட்சத்திரமும் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இனி வெறுங்கண்ணுக்குக்கூடக் கஷ்டம். நல்லவேளை, அன்றைக்கே எடுத்தேன்.

குளியலறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "எங்க பக்கம் தெளிவா இருந்தது சார்." குரல் எனக்கே பிடிக்கவில்லை. இன்னும் சாதாரணமாக, போகிறபோக்கில் சொல்ல வேண்டும்.

15.4.86, செவ்வாய்

என்னைப் பார்த்ததும் பாஸ்கர் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்தார். ஓரமாக அழைத்துப் போனார். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், மனசத் தேத்திக்கோங்க. ஒண்ணுமே விழல. ஃப்ளாஷ் வேலை செய்யல போல. யாரு எடுத்தது?"

"நெகட்டிவைக் கொடுங்க."

"அது இல்ல மேடம்."

"இல்லைன்னா?"

"வெறும் ஃபிலிம நாங்க திருப்பிக் குடுக்கறதில்ல. கல்யாணம்னாக்கூடப் போனாப் போவுதுன்னு வுட்டுடலாம். சீமந்தம் மேடம். வயித்துல புள்ளையோட இருக்கிற பொண்ணு, அது கையில வெறும் ஃபிலிம் போவலாமா? அச்சானியம். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். பொடியா வெட்டிப் போட்டுட்டேன்."

எப்போது என்று கேட்டேன். சனிக்கிழமையே. குப்பை வண்டி ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போய்விட்டது.

"ஒண்ணுமேயா விழலை?"

"மொத்த ரோலும் கண்ணாடி மாதிரி இருந்திச்சு. அங்கங்க பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி. மருந்து சரியாக் கரையலியோன்னு பயந்துபோயி மறுபடி அலசினேன். போவல. அப்புறம் ஒரு ஏழெட்டு எடத்துல விரல் பட்ட கறை மாதிரி, மங்கலா, கொஞ்சம் இழுத்தாப்புல. அவ்ளோதான். நான் விரல வெக்கவே இல்ல மேடம், சத்தியமா."

விழுந்திருக்கிறது. எல்லாம் விழுந்திருக்கிறது. நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும்: புள்ளிகள் நட்சத்திரங்கள், கறை வால் நட்சத்திரம்.

அவர் உள்ளே போய் ஒரு புது ரோலை எடுத்து வந்து என் கையில் வைத்தார், கலர் ரோல். "காசெல்லாம் வேணாம். கொழந்த பொறந்ததும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க, நானே வூட்டுக்கு வந்து எடுக்கறேன். முகத்த இப்படி வெச்சிக்காதீங்க, பொண்ணு பார்த்தா பயந்துடும்."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல. திட்டுவதற்குக்கூட இடம் வைக்காத நல்ல மனுஷன்.

அன்றைக்கு "நட்சத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முன்பின் தெரியாத முனுசாமியிடம் அரை மணி நேரம் பேசினேன், தெருப் பெண்கள் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. படித்த படிப்பெல்லாம் இருட்டில் மட்டும் வேலை செய்யும் போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சீமந்தம்னா சொன்னே?" என்று மட்டும் கேட்டார். நான் கலர் ரோலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நாளைக்கு து.த.விடம் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். சீமந்தம் உள்பட. சிரிக்கட்டும். படம் போனால் போகிறது, ஒன்பதாம் தேதி இரவு முடிச்சூரில் வானம் தெளிவாக இருந்தது, வால் நட்சத்திரம் தெரிந்தது, பதினொரு படம் எடுக்கப்பட்டது. இதுவாவது எங்கேயாவது பதிவாக வேண்டும். இவரும் "சொல்லிடு" என்றார்.

16.4.86, புதன்

நடந்தது இது.

பத்தே காலுக்குத் துறை அறை. து.த., விரிவுரையாளர்கள் நாலு பேர், அட்டெண்டர். கண்காட்சிப் பலகையில் அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேடம், நடு இடம் காலியாவே இருக்கே?"

வாயைத் திறந்தேன். நாலு பேரும் பசைக் கையோடு நிமிர்ந்தார்கள்.

"மேகம் சார்," என்றேன்.

து.த.வின் முகம் மலர்ந்தது. அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. "பார்த்தீங்களா! நான் அப்பவே நினைச்சேன். ஏலகிரியில அப்படி இருந்தா இங்க எப்படி இருக்கும்? நாம யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது மேடம்." "நாம" என்றார். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அட்டெண்டரை அனுப்பி டீ வரவழைத்தார். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவை.

பிறகு முதல்வருக்குப் போகிற அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "உங்க இடத்தையும் ஒரு வரி சேர்த்துடுங்க. ரெண்டு ஸ்டேஷன்லேர்ந்து அப்சர்வ் பண்ணினோம்னு இருக்கும். டிபார்ட்மெண்டுக்கு நல்லது."

பேனாவும் அவர்தான் கொடுத்தார். எழுதினேன்: 9.4.86 இரவு, முடிச்சூர். முழு மேகமூட்டம். நோக்க இயலவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டேன்.