கழித்த எட்டு முட்டைகள்

ஆரியசாலை, திருவனந்தபுரம் (மின்னஞ்சல்)
4.2.2025

அன்புள்ள மாளு அக்கா,

ஜெர்மனிக் குளிர் பழகிவிட்டதா? இங்கே லேபில் ஏசி ரிப்பேர். வியர்க்க வியர்க்க முட்டை ஓட்டில் ஜன்னல் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சோதனையைத் திரும்பச் செய்தேன். இரத்தக்குழாய் வளரச் சொல்லும் ஜீன்மேல் மெத்தில் என்ற வேதிக்குறி ஒட்டினால் அந்த ஜீன் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் குறி கழலாமல் நம் மருந்து பிடித்துவைக்கும், கோழிக்கருவில் குழாய் வளராது. இதுதானே உங்கள் கட்டுரை? உங்களுக்குப் பன்னிரண்டு முட்டையிலும் வளரவில்லை. எனக்கு இருபதில் ஏழில் குழாய், மருந்தைச் சட்டையே செய்யாமல் செக்கச்செவேலென்று வளர்ந்து நிற்கிறது.

எங்கே தப்பு செய்தேன்? நம் லேப் தலைவர் சேஷன் சார் வெள்ளிக்கிழமை கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புகிறாராம்.

அன்புடன்,
அஜிதா

ஹைடல்பெர்க்
5.2.2025

அஜிக்குட்டி,

நீ ஒரு தப்பும் செய்யல, பேடிக்காதே. அந்த ஏழு முட்டையையும் கருப்பிடிக்காத கூமுட்டைன்னு நோட்டில் எழுதிக் கழித்துவிடு. நானும் எட்டைக் கழித்தேன், கேட்டியா? பண்ணைக்காரன் அனுப்புவது அப்படித்தான்.

இங்கே வேலைக்கு இந்தக் கட்டுரையைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது பெயர் உன்னுடையது. மார்ச்சில் உன் ஃபெல்லோஷிப் முடிகிறதே! சாலைச் சந்தையில் இரும்புக்கடையில் நிற்கும் உன் அப்பாவை நினைத்துப் பார். சாரிடம் வாயைத் திறக்காதே. லேபில் யாரும் உன்னைச் சீந்தாதபோது பக்கத்தில் உட்காரவைத்தவள் கேட்கிறேன்.

உன் மாளு

ஆரியசாலை
6.2.2025

மாளு அக்கா,

கருவே பிடிக்காத முட்டையில் இரத்தக்குழாய் எப்படி வளரும்? நீங்கள் கழித்த எட்டின் படங்களும் மைக்ரோஸ்கோப் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன. எட்டிலும் குழாய் ஓடுகிறது. ஒன்றில் இதயம் துடிக்கும் வீடியோகூட இருக்கிறது.

பூட்டு போட்டும் அந்த ஜீன் வேறு வழியில் திறந்துகொள்கிறது, அக்கா. அதைக் கண்டுபிடித்துக் கூத்தாட வேண்டியவர் நீங்கள். குப்பையில் போட்டுவிட்டீர்கள். எனக்குக் கோபம், அதைவிட அழுகை.

அப்பாவிடம் சொன்னேன். "டாக்டர் ஆவலன்னா போட்டும் மக்களே, பொய்யில பேரு வேண்டாம்" என்றார். இனி அவரை இதில் இழுக்காதீர்கள்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்ததை மறக்கவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பன்னிரண்டு, கழித்த எட்டு, ஆக இருபது முட்டைகளின் படங்களையும் இன்று காலை சாரிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முகம் கறுத்து, "ஃபெல்லோஷிப் நீட்டிப்புக்கு என்னிடம் வராதே" என்றார். வரமாட்டேன் என்றேன். கட்டுரையில் என் பெயரை வெட்டச் சொன்னேன். அப்படியும் அனுப்பினால் பத்திரிகைக்கு நானே எழுதுவேன். மார்ச் வரை நாள் இருக்கிறது, இன்னொரு இருபது முட்டை வைத்திருக்கிறேன்.

நாளை வெள்ளி. கட்டுரையை நீங்களே நிறுத்தினால் நீங்கள் என் அக்காதான். இல்லையென்றால் எனக்கு இனி எழுத வேண்டாம்.

அஜிதா