ஐந்துக்கு மூன்று

அக். 3, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். நனையவும் விடாது, காயவும் விடாது. குறுவை அறுத்த நெல் களத்தில், தார்ப்பாய்க்கு அடியில். இவர் வாசலுக்கும் களத்துக்கும் நடந்துகொண்டே வானத்தை முறைக்கிறார்.

இன்றைக்கு:
கேஸ் புக் பண்ண.
ஹெட்போன் பஞ்சு. வலது காதில் பிய்ந்து தொங்குகிறது.
தமிழரசிக்கு மாதிரிக் கேள்விகள்.
சின்ன அக்காவுக்கு போன். நான்கு நாளாகத் தள்ளிப்போகிறது.

நான்கில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம், நான் ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஆப்பின் ஆபீஸிலிருந்து வந்த போன். ‘குவாலிட்டி டீம்’ என்றான். குரலுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"மேம், உங்க ரேட்டிங் டிராப் ஆயிட்டே வருது. அடுத்த வெள்ளி ரிவ்யூ. நாலரைக்குக் கீழ இருந்தா புரொஃபைல் ஹைட் ஆயிடும்."

ஹைட் ஆனால்?

"தேடினா வர மாட்டீங்க. இப்ப இருக்கிற ஸ்டூடண்ட்ஸ வேற டியூட்டருக்கு மாத்திடுவோம்."

யார் குறைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டேன். அது ரகசியமாம். "கிளாஸ் முடியறப்ப அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க மேம். எல்லா டியூட்டரும் கேக்கறாங்க."

எம்.ஏ., பி.எட். கும்பகோணத்துப் பள்ளியில் வருஷக்கணக்காக மார்க் போட்ட கை. பிள்ளைகளிடம் போய் எனக்கு மார்க் போடுங்கள் என்று ஏந்துவதா? பிச்சை எடுக்கலாம், அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

வீம்பாக எழுதுகிறேனே தவிர பயமாக இருக்கிறது. இந்த மூலை அறை, ஜன்னலில் சத்தத்துக்குப் போட்ட போர்வை, பின்னால் ஒட்டிய உலகப்படம், கேமராவில் விழாமல் தள்ளி வைத்த விதைநெல் மூட்டை. இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். வலங்கைமானைத் தாண்டி இத்தனை உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊரில் நான் படித்த படிப்பைப் பேசுவதற்கு இருக்கும் ஒரே இடம் இந்தத் திரை. இதுவும் போனால் நான் வெறும் சேகர் வீட்டம்மா.

அக். 4, சனி

தூறல் நின்றது. வெயில் இல்லை.

யார் அது? வேறு சிந்தனையே ஓடவில்லை. பெங்களூர் நவீன் மேல்தான் சந்தேகம். கேமராவை அணைத்துவிட்டு எதையோ மொறுமொறு என்று தின்றுகொண்டே கேட்கிறவன். போன வாரம் கொட்டாவி விட்டதுகூடக் காதில் விழுந்தது. இன்றைய கிளாஸில் அவனிடம் வெட்டொன்று துண்டிரண்டாகத்தான் பேசினேன். "ஆர் யூ ஓகே, மேம்?" என்றான். ஓகே என்றேன். ஓகே இல்லை.

இவரிடம் சொன்னேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார்.

"நான் ஒரு அக்கவுண்ட் தொறந்து அஞ்சு அஞ்சா குத்திடவா?"

"அதுக்கு நீங்க கிளாஸ்ல உக்காரணும். உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கற பொறுமை எனக்குக் கிடையாதுங்க."

சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ராத்திரி ரசம் மட்டும்.

அக். 6, திங்கள்

நல்ல வெயில். ஊர் முழுக்க நெல் வெளியே வந்துவிட்டது. ரோட்டில் பாதி நெல், பாதிதான் பஸ்.

காலை ஆறு மணிக்குத் தமிழரசி. பூம்புகார்ப் பக்கத்துப் பெண். மயிலாடுதுறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து, யூனிஃபார்மோடு ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றுகொண்டு கிளாஸ் கேட்பாள். அப்பா ஒரு காலத்தில் கூலிக்கு நடவு, அறுப்பு. இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை அவளுக்கு வருகிற சனிக்கிழமை, திருச்சியில். இரண்டாவது தடவை. போன தடவை எழுதியதெல்லாம் பாஸ், பேச்சில் போய்விட்டது. என்னிடம் வந்தது அதற்காகத்தான். வந்தபோது நான்கு வார்த்தைக்கு மேல் வராது. இப்போது பேச ஆரம்பித்தால் நான்தான் நிறுத்தவேண்டியிருக்கிறது. என் பிள்ளைகளிலேயே எனக்குப் பிடித்தவள் இவள். டைரிதானே, சொல்லலாம்.

இன்றைய மாதிரிக் கேள்வி: அடிக்கடி பயன்படுத்தும் ஒரு சேவையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு. இந்த ஆப்பையே எடுத்துக்கொண்டாள். தடங்கலே இல்லை. என் டீச்சர் தப்பைச் சொல்லும்போது முகத்தைச் சுளிக்க மாட்டார், அதனால் எனக்குப் பயம் போய்விட்டது என்றாள். அதனால் ஒவ்வொரு கிளாஸ் முடிந்ததும் மறக்காமல் மூன்று ஸ்டார் போடுவேன் என்றாள்.

பழக்கதோஷம். ‘ஸ்டார்’ இல்லை, ‘ஸ்டார்ஸ்’ என்று திருத்தினேன். அப்புறம்தான் உறைத்தது.

"ஏன் தமிழ், மூணு?" தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

"அஞ்சுக்கு மூணுன்னா அறுபது பர்சன்ட் மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்." முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்லயே மொதமொத ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குனது நான்தான். ரிசல்ட் வந்தன்னைக்கு எங்கப்பா கடைத்தெரு பூரா சொல்லிட்டு வந்தாரு. கம்மியா போடுவேனா உங்களுக்கு?"

மீதி கிளாஸ் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

அக். 7, செவ்வாய்

நேற்று ராத்திரி கோபம். அவள் மேல்தான். நன்றாகப் படித்த பெண், செல்போனில் உலகத்தையே பார்க்கிற பெண், இதுகூடவா தெரியாது? இன்று காலை தோசை வார்க்கும்போது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் என்ன தப்பு செய்தாள்? நானும் அந்தக் கணக்கில் வளர்ந்தவள்தானே. எங்கள் பள்ளியில் கட்டுரைக்கு யாருக்காவது முழு மார்க் போட்டால் ஹெச்.எம். கூப்பிட்டு விசாரிப்பார். அறுபது என்றால் மரியாதை. எழுபத்தைந்து என்றால் டிஸ்டிங்ஷன், அது டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நூறு கணக்குக்கு மட்டும். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டே தீரவேண்டும் என்றால் அது என்ன மார்க்? கல்யாண வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் சொல்கிற பதில் மாதிரிதான்.

வயிறெரிச்சல் என்னவென்றால், எண்ணிக்கையைப் பார்த்தால் மற்றவர்கள் அநேகமாக நட்சத்திரமே போடுவதில்லை. கிளாஸ் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒழுங்காக, தவறாமல், மனசாரப் போடுகிறவள் இவள் ஒருத்திதான். வாரத்துக்கு நான்கு கிளாஸ், நான்குக்கும் மூன்று.

இன்னொன்று. எம்.ஏ.யில் எனக்கு செகண்ட் கிளாஸ். சொற்ப மார்க்கில் நழுவியது. இன்னார் செகண்ட் கிளாஸ் என்று பெண் பார்க்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் இத்தனை வருஷம் கழித்து இப்போது கிடைத்திருக்கிறது. கிடைத்த இடத்தில் அதற்குப் பெயர் ஃபெயில்.

நவீன் பாவம். அடுத்த கிளாஸில் அவனிடம் நல்லபடியாகப் பேசவேண்டும். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

இவர்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட வேண்டியதுதானே. போட்டத மாத்த முடியும்ல?"

முடியுமாம். ஆப்பில் பார்த்துவிட்டேன். மாணவர் நினைத்தால் போட்டதை எல்லாம் திருத்தலாம்.

"பரீட்சை முடியட்டுங்க."

"ரிவ்யூ வெள்ளிக்கிழமைங்கற. பரீட்சை சனிக்கிழமைங்கற."

"ஆமா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார்.

அக். 9, வியாழன்

மேகம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது, இன்வெர்ட்டர் தாங்கியது.

நேற்றும் சொல்லவில்லை. இன்று கடைசி கிளாஸ். சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கூச்சம் எல்லாம் நேற்றோடு போய்விட்டது, இன்று வெட்கமில்லாமல் கேட்டிருப்பேன்.

வந்தவள் முகமே சரியில்லை. தூங்கவில்லை. "நாக்கு ஒட்டிக்கும் மேடம், எனக்குத் தெரியும்" என்றாள். ஆகஸ்டில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு நோயாளியின் மாமா வார்டில் நின்று சத்தம் போட்டார் என்று ஒரு வாரம் கிளாஸில் வாயே திறக்கவில்லை இவள். தான் யாருக்கோ கெடுதல் செய்துவிட்டோம் என்று தோன்றிவிட்டால் இவளுக்குப் பேச்சு அற்றுவிடும். என் பிழைப்பில் நீதான் மண் போட்டாய் என்று இன்று சொல்லி, நாளை மறுநாள் அந்நிய முகத்துக்கு முன்னால் போய்ப் பேசு என்று அனுப்புவதா? இவளுக்கு இது போனால் மூன்றாவது தடவை கிடையாது. வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டார்கள்.

சொல்லவில்லை. பாடமும் நடத்தவில்லை. உங்கள் ஊர் மீன் குழம்பு எப்படி வைப்பார்கள் என்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். புளி கரைப்பதிலிருந்து ஆரம்பித்தாள். குழம்பு கொதிக்கும்போது சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முடிக்கும்போது என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். கொடுக்கக்கூடாது என்பது ஆப் விதி. மீறினால் நீக்கிவிடுவார்களாம். நீக்கட்டுமே, சாகப்போகிறவனுக்கு என்ன பத்தியம்.

"பரீட்சை முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லும்மா."

"சரிங்க மேடம். ரேட்டிங் போட்டுட்டேன்."

சந்தோஷம் என்றேன். பொய் இல்லை, அதுதான் ஆச்சரியம்.

அக். 10, வெள்ளி

மதியத்துக்கு மேல் வந்தது. போன்கூட இல்லை, ஒரு மெயில். ‘டியர் டியூட்டர்’ என்று பெயர் இல்லாமல் ஆரம்பித்து, மேலும் வளர வாழ்த்து சொல்லி முடித்திருந்தது. என் பிள்ளைகளை இன்று மாலையிலிருந்து வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

திரையில் என் பெயரை நானே தேடிப் பார்த்தேன். இல்லை.

அழுதேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஜன்னல் போர்வையை எடுத்து நனைத்துத் துவைத்துப் போட்டேன். அறைக்குள் அவ்வளவு வெளிச்சம் வரும் என்று மறந்தே போயிருந்தது.

இவர் கொள்முதல் நிலையத்திலிருந்து நெல்லோடு திரும்பி வந்தார். ஈரம் அதிகம் என்று எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "காபி போடு" என்றார். போட்டேன்.

அக். 11, சனி

இங்கே காலையிலிருந்து கொட்டுகிறது. திருச்சியிலும் மழையாம்.

பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. பத்து மணிக்கு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புளி கரைப்பதை இங்கிலீஷில் சொன்னவள் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன் வரவில்லை. நானாகப் பண்ணுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

சின்ன அக்காவிடம் பேசியாகிவிட்டது. வேலை போனதைச் சொல்லவில்லை.

அக். 12, ஞாயிறு

மழை விட்டு விட்டு.

காலை டிபன் நேரத்தில் தமிழரசி. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"மேடம், நல்லா பேசிட்டேன். அந்தம்மா நிறுத்துங்கன்னு சைகை காட்டற வரைக்கும் பேசுனேன். எங்கப்பாகிட்டகூட அப்படிப் பேசுனதில்ல." பஸ் தாமதம், வீடு வர ராத்திரியாகிவிட்டது, அதனால்தான் நேற்றே கூப்பிடவில்லை. மூச்சு விடாமல் சொன்னாள். ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு ரிசல்ட் வந்துவிட்டது. காதில் போனை வைத்துக்கொண்டு நான்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன், இவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என் தங்கச்சியையும் உங்ககிட்டதான் மேடம் சேக்கணும். நேத்து பஸ்ல வர்றப்பலேந்து தேடறேன், உங்க பேரே வர மாட்டேங்குது. லீவா?"

ஆமாம், லீவு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் இவள் இனி எங்கேயோ ஒரு தேசத்துக்குப் போய், இதே சந்தோஷத்தோடு இதையே செய்துகொண்டிருப்பாளே என்று தோன்றியது. சொன்னேன். நாலரைக் கணக்கு, ரிவ்யூ, ஐந்துக்குக் குறைந்தால் அவர்களுக்கு அது புகார் என்பது, எல்லாம். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், பாடம் நடத்துகிற மாதிரி. உன் மேல் கோபம் இல்லை, ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுத்த ஒரே ஆள் நீதான் என்பதையும் சொன்னேன்.

கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவள் வீட்டு ஓட்டில் மழை விழுவது கேட்டது.

"தமிழ்?"

"நேத்து பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போன ஆப் ஆட்டோ அண்ணனுக்கும் மூணுதான் மேடம் போட்டேன்" என்றாள். "மழையில நான் நனையக்கூடாதுன்னு வாசல் வரைக்கும் உள்ள கொண்டாந்து விட்டாரு."