மாடிப்படிக்கு அடியில் இருந்தவை

ஜூன் 5, வெள்ளி

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமே இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் மறுபடி அந்த வாடை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையிலிருந்துதான் வருகிறது.

மாமனார் போன பிறகு வீட்டைப் பிரித்தபோது ஏணி, டிரில் மெஷின் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு போயின. மிஞ்சியது யாருக்கும் வேண்டாதது: பழைய பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து, எரியாத டியூப் லைட்டுகள், செத்துப்போன கார் பேட்டரி. "அதெல்லாம் மாடி வீட்டுப் பங்கு" என்கிறார் இவர். மாடியில் அது எங்கள் பங்கு என்பார்களாக இருக்கும். யார் போய்க் கேட்பது? பிரிக்கிற நேரத்தில் மாடி வீட்டு ஓரகத்தி ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது.

ஜூன் 7, ஞாயிறு

இவர் தின்னர் டப்பாவோடு சாக்கடை ஓரம் நிற்கிறார்!

"என்னங்க பண்றீங்க?"

"ஊத்திட்டா தீந்துது."

"யாராவது பீடியை அணைக்காம போட்டா? இல்ல, இது போய்க் கலக்கிற தண்ணிய யார் குடிக்கிறது?"

"அப்ப நீயே பாத்துக்கோ."

சரி. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 8, திங்கள்

நகராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பு மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமைசாலி. ஒன்றை இன்னொன்றில் ஊற்றவே கூடாதாம், அது அது அதனதன் டப்பாவிலேயே இருக்க வேண்டுமாம். கசிந்தால் மணல் போட்ட வாளியில் நிறுத்த வேண்டும். டியூப் லைட்டைத் துணியில் சுற்ற வேண்டும், பேட்டரி முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை வரச் சொன்னாள்.

எதில் கொண்டு போவது? எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர். ஓரகத்தி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். போய்க் கேட்கலாம்தான் — வாய் வரவேண்டுமே.

ஜூன் 11, வியாழன்

நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். மேல் பலகையில் துருப்பிடித்த ஒரு டப்பா, பேர் ஊர் எதுவும் இல்லாமல். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன்.

"ஏய்! ஆட்டாத அத!"

படியில் ஓரகத்தி, கையில் வேன் சாவியோடு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கீழ வை. மெதுவா... மெதுவா."

வைத்தேன். அடிப்பக்கம் ஈரம். அவரே ஓடிப்போய் வாளியில் மணல் கொண்டுவந்தார். டப்பாவை அதில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கதவோரம் வந்து நின்றோம்.

"என்ன இருக்கு இதுல?"

"தெரியலக்கா." தானாக வந்துவிட்டது அந்த 'அக்கா'.

"மாமாவுக்கே தெரிஞ்சிருக்காது."

சிரித்துவிட்டேன். அவரும்.

"ரெண்டு வாரமா எனக்குத் தலைவலி. உன் சமையல்தான் இப்படி நாறுதுன்னு நெனச்சேன்."

"நான் உங்க வேன்னு நெனச்சேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க உக்கார்ற வண்டியில இத ஏத்த மாட்டேன். கேக்காத."

"நான் கேக்கவே இல்லையே!"

"கேக்கப்போற மூஞ்சி." வாளியை எட்டிப் பார்த்தார். "என் தங்கச்சி வீட்டுக்காரர் சரக்கு வண்டி வெச்சிருக்கார். வாங்கிட்டு வரேன். நீ கூட வா."

ஜூன் 12, வெள்ளி

"யார்கிட்ட பேசிட்டிருந்த?" என்றார் இவர். "உங்க அண்ணிகிட்ட." பேப்பரை மடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஜூன் 13, சனி

முடிந்தது.

வேகத்தடை வந்தாலே அக்கா வண்டியை, பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போவதுபோல ஓட்டினார். நான் திரும்பித் திரும்பிப் பின்னால் வாளியைப் பார்த்துக்கொண்டே போனேன். கவிழ்ந்தால்? நல்லவேளை, அசையவே இல்லை.

மையத்தில் கையுறை போட்ட ஒருவர் பேர் இல்லாத டப்பாவைப் பார்த்து, "என்ன இது?" என்றார். "எங்க மாமனார் வெச்சிருந்தது. எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது" என்றார் அக்கா. கையுறைக்காரர் திட்டவில்லை. சோதித்துப் பார்க்கத் தனியாக எடுத்து வைத்தார். பேட்டரியின் ஈயத்தை உருக்கிப் புது பேட்டரி செய்வார்களாம். டியூப் லைட்டை மூடிய மெஷினில் உடைத்துப் பாதரசத்தைப் பிரிப்பார்களாம்.

ஓரத்தில் ஒரு அலமாரி. நல்ல நிலையில் வந்த பெயிண்டை வைத்திருக்கிறார்கள். வேண்டுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அக்கா ஒரு நீல டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

"குடுக்க வந்த இடத்துல வாங்கிட்டுப் போறீங்களேக்கா!"

"பால்கனிக் கதவு பல்ல இளிக்குதுடி."

திரும்பும்போது பழைய சண்டைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சாயங்காலமானால் எதிரே வரும் வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றார். கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

வாடை இல்லை. காலையில் வெகுநேரம் தூங்கிவிட்டேன்.

ஜூன் 20, சனி

அக்காவுக்குக் கண்ணாடி தயார். பெரிய பிரேம்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். எடுப்பாகத்தான் இருக்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

மத்தியானம் அக்கா தட்டாமலே உள்ளே வந்தார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் அந்த நீல டப்பா. "கால்வாசி மிச்சம். வெச்சா மறுபடியும் படிக்கு அடியிலதான் போய்ச் சேரும். எந்தக் கதவு?"

சமையலறைக் கதவைக் காட்டினேன். அவர் மேல் பாதி, நான் கீழ்ப் பாதி. டப்பாவின் அடி தெரிகிறவரை வழித்து அடித்தோம். அப்புறம் தேநீர், அவர் வீட்டுக் கதை, என் வீட்டுக் கதை. பொழுது போனதே தெரியவில்லை.

இவர் வெளியே போய்விட்டு வந்து கதவின் முன் நின்றார். "இது மாடி வீட்டுக் கலர் ஆச்சே?"

"ஆமா" என்றேன். "கை வெச்சிடாதீங்க, இன்னும் காயல."