திரும்பி வந்த நத்தைகள்

மார்ச் 3, திங்கள்

என் விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வருடப் பட்டம் முடித்தவர்கள் இன்னும் ஒரு வருடம் இருந்து, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதினால் ஹானர்ஸ். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது.

"உங்க வயசுல இது எதுக்கு சார்?" என்று கேட்டார். கெட்ட எண்ணமில்லாமல்தான். படி இறங்கும்போது நல்ல பதிலாக ஒன்று வந்தது. வேலையில் இருந்தவரை கடைக்காரர்களின் தராசைச் சோதித்தவன் நான். அப்போதும் இப்படித்தான், எல்லாப் பதிலும் படியில்தான் வரும்.

மகள் போனில், "நத்தையைப் பத்தின ஆராய்ச்சின்னா நீங்களும் அது வேகத்துலதான் முடிப்பீங்கப்பா" என்றாள். சிரித்தேன். போனை வைத்ததும் காலண்டரில் மீதி நாட்களை எண்ணினேன்.

மார்ச் 19, புதன்

கேள்வி எளியது. தோட்டத்து நத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் விட்டால், அது தன் பழைய இடத்துக்குத் திரும்பி வருமா? எவ்வளவு தூரத்திலிருந்து?

என் மேற்பார்வையாளர் மகளைவிடச் சின்னவர். நான் மேடம் என்கிறேன், அவர் சார் என்கிறார், இருவருக்கும் கொஞ்சம் கூச்சம். "உங்க வீட்டுத் தோட்டமே போதும் சார்" என்றார். பின்சுவரோரம் பூந்தொட்டிகளுக்கு அடியில் நத்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றின் ஓட்டிலும் மனைவியின் நகப்பூச்சால் எண் எழுதினேன்.

"எனக்கு ஒரு நாள் இப்படிப் போட்டு விட்டிருக்கீங்களா?" என்றாள்.

சிலவற்றைத் தோட்டத்தின் மறுகோடியில் விட்டேன். சிலவற்றைச் சந்தில், சிலவற்றைச் சந்துக்கு அப்பால் இருக்கும் காலி மனையில்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுகோடியிலிருந்து மட்டும் ஒன்றிரண்டு. தினமும் காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன், வைக்கிறேன். தூரம் அதிகமோ? நகப்பூச்சு வாடை பிடிக்கவில்லையோ? நான் தூக்கிய விதம் சரியில்லையோ? வராமலிருப்பதும் ஒரு முடிவுதான் என்கிறது புத்தகம். அதற்கென்ன, சொல்லும்.

சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டேன். மனைவி தட்டைப் பார்த்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சந்திலிருந்து இரண்டு வந்துவிட்டன. இரண்டு. எண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவைதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலி மனையிலிருந்துகூட வருகின்றன. மேடம் என் வரைபடத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். "இவ்வளவு தூரத்துலருந்து இத்தனை திரும்பும்னு நானே நினைக்கல சார். மாநாட்டுக்கு அனுப்பலாம்." என் பெயர் முதலில் வருமாம். வீட்டில் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நல்லதுங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

மே 13, செவ்வாய்

கடைசி மழை பெய்து ஒரு வாரமாகிறது. மண் பொடியாக உதிர்கிறது. இப்படிக் காய்ந்தால் நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டின் வாயைக் காகிதம் போன்ற ஒரு மெல்லிய ஏட்டால் மூடிக்கொள்ளும். ஈரம் படும்வரை அசையாது.

இன்று காலை தொட்டிக்கடியில் பதினாலாம் எண். காலி மனையில் விட்டது, நேற்றுவரை இங்கே இல்லை. வாய் மூடியிருக்கிறது. ஏடு பழையது, விளிம்பில் தூசி படிந்திருக்கிறது.

மூடிய நத்தை எப்படி நடக்கும்?

எண் மாறி எழுதிவிட்டேனா? என் கண்ணா? எப்போதும் போல நான்தான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறேன்.

மே 14, புதன்

நத்தை நடக்கவில்லையென்றால் யாரோ தூக்கி வந்திருக்க வேண்டும்; காலையில் அந்தப் பக்கம் போய் வருபவள் அவள் ஒருத்திதான். அவள் காலை நடைக்குப் போனதும் பின்னாலேயே போனேன். மனைவியைத் தொடர்ந்து போவது இந்த வயதில் எனக்கு வாய்த்த வெட்கம். காலி மனையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. கண்ணாடி தலைமேல். கூட்டுக்குள் நத்தை.

என்னைப் பார்த்துவிட்டு எழ முடியாமல் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன்.

"அன்னிக்குச் சாப்பிடாம எழுந்து போனீங்க. ரெண்டே ரெண்டுதான் எடுத்தாந்து வச்சேன். காலையில உங்க மூஞ்சியப் பார்க்கணுமே! அப்புறம் எப்படி நிறுத்துறது? நிறுத்தினா திரும்ப வாடிப் போவீங்க."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணின?" என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகுது? எல்லாம் போச்சு. ரெண்டு மாச வேலை, வரைபடம், மாநாடு, எல்லாம்.

"திட்டிடுங்க" என்றாள். கூட்டை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தோம்.

மே 15, வியாழன்

யாருக்கும் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். சொன்னால் வருடமே போகலாம். தன் பரிசோதனையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாத கிழவன் என்று துறைத் தலைவர் நினைப்பார். நினைத்தால் தப்பில்லை.

சொல்லாவிட்டால் மேடத்தின் பெயரும் அந்தப் பொய்யோடு போகும். அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

மே 16, வெள்ளி

"நானும் வரேன். நான் பண்ணினதை நீங்க எப்படிச் சொல்வீங்க? பாதி முழுங்கிடுவீங்க" என்று அவளும் வந்தாள். உண்மைதான். மேடம் அறையில் நான் "ஒரு சின்ன..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். மீதியை அவள் சொன்னாள்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவளிடம், "எத்தனையம்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"கணக்கு வச்சுக்கலம்மா. பாவமா இருந்ததை எல்லாம்."

மேடம் எழுந்து சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றினார். கிழிக்கவில்லை, மடித்து என்னிடம் கொடுத்தார். "மழை ஆரம்பிச்சதும் முதல்லேருந்து செய்யுங்க சார். நேரம் இருக்கு, ஆனா இன்னொரு தடவைக்கு இருக்காது." அவளைப் பார்த்து, "அம்மா, நீங்க..." என்று இழுத்தார்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். இங்க இருந்தா கை சும்மா இருக்காது."

ஜூன் 8, ஞாயிறு

மழை. அவளை அக்கா ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாக, "மோரை மூடி வைங்க" என்றாள்.

ஜூன் 21, சனி

மறுகோடியிலிருந்து சில. சந்திலிருந்து ஒன்று. காலி மனையிலிருந்து ஒன்றுமில்லை.

போனில் கேட்டாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"சந்துலருந்து ஒண்ணு."

"சாப்பிட்டீங்களா?"

"முழுசா சாப்பிட்டேன்."

"பொய் சொல்றீங்க."

"இல்லம்மா. நிஜமா."

நிஜம்தான். தட்டைக் கழுவும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பரிசோதனை முடிந்தது. பக்கத்தில் விட்டவை திரும்புகின்றன. சந்துக்கு அப்பால் விட்டவை இல்லை. சின்ன முடிவு. ஆனால் நடந்தே வந்த முடிவு.

அக்கா வீட்டுக்கு நானே போய் அழைத்து வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும், "மோர் புளிச்சுப் போச்சு" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டில் முதல் முயற்சியையும் மறைக்காமல் ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ரெண்டாவது தடவை யாரும் தூக்கிட்டு வரலன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"அவங்க ஊர்லயே இல்லைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் குரல் நடுங்கவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என்னப் பத்திக் கேட்டாங்களா?" என்றாள். பாஸா என்று அப்புறம்தான் கேட்டாள். இரண்டாம் வகுப்பு.

நவம்பர் 12, புதன்

மேடம் இன்னும் ஒரு வருடம் சம்பளமில்லாமல் தொடரச் சொல்லியிருக்கிறார். பக்கத்திலிருந்து வருபவை எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். உதவியாளர் என்று அவள் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொண்டுபோய் விடும் வேலை மட்டும் அவளுக்கு. விட்டவுடன் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பது விதி.

இன்று முதல் நாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். மறுகோடியில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள், எதுவோ சொன்னாள், எழுந்து நடந்தாள்.

இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.